சிலோன் போக என்னென்ன வேண்டும்?

நீலகிரி மாவட்டம் பந்தலூர் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் பிழைப்பு. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மாலையில் கடைக்கு வருகிறவர்களில் மாதத்துக்கு இரண்டு பேராவது, "சிலோன் போய்வர என்ன வேண்டும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். இலங்கை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருந்த தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா தன் குடிமக்களாக ஏற்றுக்கொண்ட 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் சேரம்பாடி, கொலப்பள்ளி, நெல்லியாளம் என்று இந்தப் பக்கம் முழுக்க உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அண்மையில் அம்மாவை அழைத்துக்கொண்டு இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் போய்வந்தேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

சுற்றுலாவாகப் போகிறவரிடம் அந்த நாடு கேட்பது கொஞ்சம்தான். போய் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இணையத்தில் முன்கூட்டியே வாங்கிய பயண அனுமதி, திரும்பி வரும் டிக்கெட், தங்கும் நாட்களுக்குப் போதுமான பணம். இவ்வளவே. இதில் அனுமதி வாங்க என் கடையில் அரை மணி நேரம் ஆகும். பாஸ்போர்ட்டுக்கு அம்மா விஷயத்தில் ஏழு மாதம் ஆனது. ஆகவே கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு முன்னால் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறங்கள்.

எங்கள் பெட்டியில் தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. கண்டியில் கொடுத்தது. ஒரே படத்தில் தாத்தா, பாட்டி, ஐந்து பிள்ளைகள். ஓரத்தில் இரட்டைச் சடையோடு நிற்பது அம்மா. அவர் பெயர் அதில் ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தில் முடிகிறது, ஆதாரில் இரண்டு 'ஈ'யில் முடிகிறது. பழைய பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி முழுதாக இருக்க, ஆதாரில் யாரோ ஜனவரி 1 என்று போட்டுவிட்டிருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்காமல் விண்ணப்பித்தோம். தாள்கள் எல்லாம் எங்களுக்கே திரும்பி வந்தன. ஊருக்கெல்லாம் சரி பார்த்துக் கொடுப்பவள் சொந்த அம்மாவுக்குப் பார்க்கத் தவறினேன், வேறென்ன சொல்ல. முதலில் ஆதாரைத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக விரித்து எழுத வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது பிறந்த ஊர். விண்ணப்பத்தில் இந்தியக் குடியுரிமை எப்படி வந்தது என்று ஒரு கேள்வி இருக்கிறது: பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா? சிலோனில் பிறந்தவர்கள் பயந்துகொண்டு, "பந்தலூர் என்றே போட்டுவிடு பிள்ளே" என்பார்கள். நான் போடமாட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், பிற்பாடு வேறொரு தாளில் உண்மை எட்டிப்பார்க்கும். அம்மாவுக்குப் பதிவு என்று குறித்து, தாத்தாவின் பாஸ்போர்ட்டையும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையையும் இணைத்தேன். இந்தக் குடும்ப அட்டையை ரேஷன் அட்டை என்று நினைத்து எலிக்குக் கொடுத்துவிட்டவர்கள் பலர். உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நகல் எடுத்து வையுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், 60 வயது தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் பத்தில் ஒரு பங்கு குறையும். அம்மாவுக்கு 1,350 ஆனது. கோயம்புத்தூர் போய் வந்த பஸ் செலவும் வழியெல்லாம் வாந்தியும் தனி.

இனி அந்த இணைய அனுமதி. 2012 முதல் இருக்கிற முறை. 2024 ஏப்ரலில் இந்த வேலையை வெளியாரிடம் கொடுத்தார்கள், ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, அடுத்த மாதம் பழைய முறையே திரும்பியது. இந்தியருக்குக் கட்டணமும் இப்படித்தான், ஒரு சமயம் உண்டு, ஒரு சமயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் போன கதையைக் கேட்டுப் பணம் எடுத்து வைக்காமல், விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் இருப்பதைப் பாருங்கள். தள முகவரி 'ஜிஓவி புள்ளி எல்கே' என்று முடிய வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தரகர்களின் தளங்கள். அதே அரசுச் சின்னம் போல ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பங்கு பணம் பிடுங்குவார்கள். சுற்றுலா அனுமதி 30 நாளுக்கு. அதை வைத்துக்கொண்டு அங்கே கூலி வேலைகூடச் செய்யக்கூடாது.

அதில் 'இலங்கையில் தங்கும் முகவரி' என்ற கட்டத்தில் எல்லோரும் திணறுவார்கள். சொந்தக்காரர் இருப்பது லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. கதவு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், தபால் ஊர் என்று மூன்றையும் எழுதினேன், ஏற்றுக்கொண்டது. அனுமதிக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி விமான நிலையத்தில் என் போன் சார்ஜ் இல்லாமல் செத்தபோது அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

அம்மாவுக்குக் கப்பலில் போக ஆசை. அவர் வந்த தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் எண்பதுகளிலேயே நின்றுபோனது. இப்போது இருப்பது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை, ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். அதற்கும் இதே பாஸ்போர்ட், இதே அனுமதிதான். ஆனால் இறங்குவது யாழ்ப்பாணத்துப் பக்கம், மலையகம் அங்கிருந்து வெகு தூரம். முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு முடியாது என்று விமானத்தில் போனோம்.

கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வரிசையில் நின்றோம். அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தார், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. "எந்தத் தோட்டம்?" என்று தமிழில் கேட்டார். அம்மா தோட்டம், டிவிசன், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகும் படிக்கட்டு வரை சொல்லத் தொடங்க, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண்ணைத் திருப்பியே அனுப்பினார்கள். கையோடு இந்திய ரூபாய் 25,000 வரைதான் கொண்டுபோகலாம். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

செடி, விதை, மண் எதையும் இரண்டு பக்கமும் பையில் வைக்காதீர்கள். தடை இருக்கிறது. புறப்படும் அன்று காலையில் அம்மா லயத்து வாசலில் குந்தி, ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் அவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கையைப் பீலியில் கழுவிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா மகள் உள்ளே போய் ஒரு கிலோ தேயிலைத்தூள் கொண்டுவந்து கொடுத்தாள். தூளுக்குத் தடையில்லை. தேயிலைக்காட்டில் குடியிருந்துகொண்டு தேயிலை சுமந்து வந்தோம், இன்னும் பிரிக்கவில்லை.