பழைய தோட்ட டிராக்டரைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் பழைய தோட்ட டிராக்டர் சிங்கப்பூரில் கைக்குக் கிடைப்பதே அபூர்வம். லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணை மூடும்போதோ, பெரிய புல்வெளி உள்ள பங்களாவைக் காலி செய்யும்போதோ ஒன்று வெளியே வரும். பழைய இரும்பு விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி, தரைவீட்டு வாசலில் இறக்கிவிடுவோம். அப்புறம் அவசரப்பட்டால் போச்சு. இத்தனை வருட வெயிலும் மழையும் செய்யாத சேதத்தை ஒரே சனிக்கிழமையில் நாமே செய்துவிடலாம்.

முதல் தவறு அன்றைக்கே நடக்கும். புது பேட்டரியைக் கட்டி, சாவியைத் திருப்பி, ஓடுகிறதா என்று பார்ப்பது. நெடுநாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும், பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் அதை ஒரே இழுப்பாக இழுத்தால் சுவரில் கீறல் விழும், ரிங்கும் உடையலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒன்றிரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் சரி. அசையவில்லை என்றால், துருவை இளக்கும் ஆயிலை ஊற்றி இன்னும் சில நாள் காத்திருப்பதுதான் வழி. பிஸ்டன் தலையில் கட்டையை வைத்துச் சுத்தியலால் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆயிலையும் பார்த்துவிடுங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, முழுவதையும் வடித்துவிட வேண்டும். காற்றால் குளிரும் பழைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு எஸ்ஏஇ 30 என்ற அடர்த்தி எண் போட்ட ஆயில் போதும். குளிர்நாட்டுக் கையேடுகளில் குளிர்காலத்துக்கு வேறு ஆயில் சொல்லியிருப்பார்கள். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறத்தாழ 19 டிகிரிதான். அதனால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலோடு புது பெட்ரோலைக் கலந்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட்டு, பசையாகி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் படியும். இங்கேதான் அடுத்த தவறு. கார்புரேட்டரைத் திறந்ததும், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை அடைத்திருப்பது தெரியும், கை தானாகவே ஒரு கம்பியைத் தேடும். ஜெட் பித்தளை, மென்மையான உலோகம். துளையோ ஊசி முனை அளவுதான். இரும்புக் கம்பியை உள்ளே விட்டுத் திருகினால் அடைப்போடு துளையின் அளவும் போய்விடும். அதன் பிறகு எஞ்சின் கறுப்புப் புகைதான் விடும், எந்தத் திருகைத் திருப்பினாலும் சரியாகாது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, நைலான் தூரிகையின் ஒரே ஒரு இழையால் துடையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடியும் ஊறட்டும்.

விலை கூடின 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் நன்றாக ஓடும் என்பதும் வீண் செலவு. இந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் மிகக் குறைவு. அமெரிக்கக் கையேட்டில் 87 ஆக்டேன் என்று போட்டிருந்தால், நம் ஊர்க் கணக்கில் அது ஏறத்தாழ 91. பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் 92 தாராளம்.

பெட்ரோல் வருகிறது, பிளக்கில் தீப்பொறியும் இருக்கிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்காமல் உதைக்கிறது அல்லது கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. இந்த இடத்தில் பலர் காயில், பிளக், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிக்கொண்டே போவார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஃபிளைவீல் கீ. ஃபிளைவீலையும் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டையும் ஒன்றோடொன்று நேராகப் பிடித்து வைப்பது அந்தச் சின்ன உலோகத் துண்டுதான். முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ ஒரு மரவேரில் பிளேடை இடித்திருப்பார், கீ பாதி நறுங்கியிருக்கும். வெளியே எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள், நடுவில் மெல்லிய படிக்கட்டு மாதிரி ஒரு விலகல் தெரியும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே தீப்பொறி விழும் நேரம் தப்பிவிடும். "அடிக்கடி நறுங்குதே, இரும்பில் ஒன்று ராவிப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல எஞ்சின்களில் அதை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்திருக்கிறார்கள். பிளேடு இடித்தால் மலிவான கீ நறுங்கி, விலையுயர்ந்த கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதே ஏற்பாடு. ஃபிளைவீலைக் கழற்றும்போதும் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விளிம்பில் இருக்கும் காற்றுத் தகடுகள் உடையும்.

அமெரிக்க வண்டி என்றால் போல்ட் எல்லாம் இஞ்சு அளவு, ஜப்பானிய வண்டி என்றால் மில்லிமீட்டர். அரை இஞ்சுத் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தான் செய்யும். ஆனால் அரை இஞ்சு 12.7 மில்லிமீட்டர்தான். துரு பிடித்த போல்ட்டில் அந்தச் சின்ன இடைவெளியே முனைகளை உருட்டிவிடும். 5/16 இஞ்சுத் துளையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை அழுத்தித் திருகினால் மரை போய்விடும். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டதிலிருந்து பழைய இஞ்சுக் கருவிகளைக் கிளறி எடுக்க அப்படி ஓர் இடம் இல்லாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடைகளுக்குப் போகும்போது பழைய போல்ட்டையே கையில் கொண்டு போங்கள், அளவைச் சொல்லி வாங்காதீர்கள்.

சாயம் கடைசி வேலை. எஞ்சின் ஓடுவதற்கு முன்பே பளபளவென்று அடித்துவிட்டால், பிறகு கழற்றும்போது எல்லாம் உரியும். சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் விட்டுத் துரு எடுப்பவர்கள் எவர்சில்வர் தகட்டை மின்முனையாக வைக்கவே கூடாது, நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். அலுமினியப் பாகங்களையும் அதில் போடாதீர்கள், அரித்துவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், காலையில் தேய்த்த இரும்பு மாலைக்குள் பழுப்பேறும். தேய்த்த அன்றே பிரைமர் அடிக்க முடியாவிட்டால் அன்றைக்குத் தேய்க்க வேண்டாம். பழைய சாயத்தில் ஈயமும், பழைய பிரேக், கிளட்ச் பட்டைகளில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்ப்பதும், கம்ப்ரஸரால் தூசியை ஊதுவதும் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

கழற்றிப் போட்ட பிளேடு மூடியும் டயரும் ஒரு மழைக்குள் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் இருக்கட்டும், டெங்கிக் காய்ச்சல் வருவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். வடித்த ஆயிலை வாசல் கால்வாயில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்தக் கால்வாய்த் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். பழைய ஆயிலை எடுத்துக்கொள்ளும் கார் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் எஞ்சினைச் சமையலறைக்கோ தாழ்வாரத்துக்கோ கொண்டு வரவே வேண்டாம், பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

ஓடத் தொடங்கியதும் இருக்கைக்குக் கீழே உள்ள பாதுகாப்பு சுவிட்ச் தொந்தரவு தரும். ஒயரை நேராக முடிந்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். இருக்கையிலிருந்து ஆள் விழுந்தால் பிளேடை நிறுத்துவதே அந்த சுவிட்ச்தான். பழுதென்றால் மாற்றுங்கள். ஓட்டிப் பார்க்க வீட்டு முன்னால் உள்ள தெருவில் இறக்காதீர்கள், பதிவு செய்யாத வண்டிக்குப் பொதுச் சாலையில் அனுமதியில்லை. திறந்த இடத்தில், பிளேடு பெல்ட்டை மாட்டாமல், பிரேக் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். மெல்லிய சாம்பல் நிறத் தூள் இருந்தால் கவலையில்லை. மினுங்கும் துகள்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கு மேல் ஓட்டாமல் எஞ்சினைத் திறந்து பாருங்கள்.