பத்து சென்ட் குட்டையில் தூண்டில் மீன்: குஞ்சு விடுவதிலிருந்து முள் கழற்றுவது வரை

கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் தூண்டில் போட ஓர் இடம் வேண்டும், வீட்டுக்கும் மீன் வேண்டும். இந்த ஆசையில்தான் திருவாரூர் பக்கம் எங்கள் வயலோரப் பண்ணைக்குட்டையில் நான்கு வருடம் முன்பு மீன் விட்டேன். முதல் வருடமே ஓர் ஐப்பசி விடியலில் நாற்பதுக்கு மேல் செத்து மிதந்தன. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. குட்டை வெட்டுவது, கரை கட்டுவது இதில் இல்லை. ஐந்தடித் தண்ணீர் நிற்கும் குட்டை உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

ஆற்றில் தண்ணீர் கெட்டால் மீன் வேறு மடுவுக்குப் போய்விடும். குட்டையில் நாம் கொண்டுவந்து விட்ட மீனுக்குப் போக இடமில்லை. அது எப்படி மூச்சு விடுகிறது, எப்படிச் சாகிறது என்பது இரண்டுக்கும் நாம்தான் பொறுப்பு.

படி 1: குட்டையைக் காயப்போடுங்கள்

சித்திரை, வைகாசியில் தண்ணீரை இறைத்துவிட்டு, அடிச்சேறு பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயவிடுங்கள். பழைய விரால், கெளுத்தியை அழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடச் சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆனால் அந்த நஞ்சு இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். காயப்போட முடிகிற குட்டைக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. இருக்கும் மீனைப் பிடித்துக் குழம்பு வைத்துவிடலாம். காய்ந்ததும் பத்து சென்ட்டுக்கு எட்டிலிருந்து பத்து கிலோ சுண்ணாம்பைத் தூவி, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள்.

படி 2: என்ன மீன், எத்தனை

கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். 4:3:3 என்ற கணக்கில் விட்டால் ஒன்றின் தீனியை இன்னொன்று பிடுங்காது. பத்து சென்ட்டுக்கு 400 குஞ்சு வரை விடலாம் என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் விட்டேன். அது தினமும் தீனி போட்டு, வலை இழுத்து விற்பவர்களுக்கான கணக்கு. தூண்டிலுக்கும் வீட்டுச் சமையலுக்கும் 150 போதும்: 60 கட்லா, 45 ரோகு, 45 மிர்கால். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சு வாங்காதீர்கள், கொக்குக்குத்தான் தீனியாகும்.

'சாகவே சாகாது, ஆறு மாதத்தில் கிலோ கணக்கில் நிற்கும்' என்று யாராவது கெளுத்திக் குஞ்சு கொடுத்தால் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்தியாவில் 2000-லேயே தடை செய்யப்பட்டது. ஈரம் இருந்தால் தரையிலேயே ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போய், நம் நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். வீட்டுத் தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீனையும் பாவம் பார்த்துக் குட்டையில் விடாதீர்கள்.

வடிகுழாய்க்கு வலை கட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். மழையில் குட்டை வழிந்தால் நம் மீன் வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து ஊர் ஏரிக்குப் போகும். வலையைச் சாய்வாகக் கட்டுங்கள். நேராகக் கட்டினால் சருகு அடைத்து, தண்ணீர் கரையை அறுத்துவிடும்.

குஞ்சுப் பையை அப்படியே கவிழ்க்காமல், அரைமணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, அதுவாக நீந்தி வெளியேற விடுங்கள். காலை அல்லது மாலை வேளைதான் நல்லது.

படி 3: விடியற்காலை மூச்சு

நான் தவறியது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி பகலில் வெயிலில் ஆக்சிஜன் தரும். இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டால் பகலிலும் ஈடுகட்ட முடியாது. தண்ணீர் பச்சையாக இருந்தால் மீன் நன்றாக வளரும் என்று நம்பி நான் சாணியை அள்ளிக் கொட்டியிருந்தேன். ஐப்பசி அடைமழையில் நான்காம் நாள் விடியலில், குட்டை முழுக்க வாய்கள் மட்டும் தெரிந்தன. வட்ட வட்டமாகத் திறந்து திறந்து மூடின. கையைத் தட்டினேன், ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

அடையாளம் அதுதான். தீனிக்கு மேலே வரும் மீன், கை தட்டினால் சட்டென்று அமிழ்ந்துவிடும். மூச்சுக்கு வரும் மீன் அசையாது.

அன்று என்ன செய்ய வேண்டும்? மோட்டாரை வைத்துக் குட்டைத் தண்ணீரையே எடுத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி திரும்ப விடுங்கள். அன்று தீனி கிடையாது, சாணி கிடையாது, தூண்டிலும் கிடையாது. என்னிடம் இருப்பது பழைய மோட்டாரும், ஓட்டை போட்ட பிவிசி குழாயும்தான். சின்னக் குட்டைக்கு விலை உயர்ந்த காற்றூட்டும் இயந்திரம் வாங்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

வராமல் தடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம், சாணியை நிறுத்துங்கள். முழங்கை நனைந்த பிறகும் பளிச்சென்று தெரிந்தால் கொஞ்சம் போடலாம். நான் வாரம் ஒரு முறை பார்க்கிறேன்.

படி 4: தூண்டில்

பிள்ளைகளுக்கு மூங்கில் தூண்டிலே சிறந்தது. மீன் இழுப்பது கைக்கு உடனே தெரியும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி இருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். பழைய பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள், நூல் பிரியாமல் வழுக்கி வர வேண்டும். தூண்டில் நரம்பை, அதாவது நைலான் இழையை, தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. கழற்றும்போது வாய் கிழியாது.

தூண்டிலைக் கரையில் குத்திவிட்டு விளையாடப் போகக் கூடாது. யாரும் பார்க்காத நேரத்தில்தான் மீன் முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிடும். அப்படி விழுங்கிய மீனைத் திரும்ப விடாமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப விடுவதானால் முதலில் கையை நனையுங்கள். மீன் மேலுள்ள வழுவழுப்புதான் அதை நோயிலிருந்து காக்கிறது. காய்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். செவுளில் விரல் விட்டுத் தூக்கவே கூடாது. படம் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரை ஒட்டிப் பிடித்து எடுத்துவிட்டு விடுங்கள். சமையலுக்கான மீனை வாளியில் போட்டுத் துடிக்கவிடாமல், கண்ணுக்குச் சற்று மேலே கட்டையால் ஓங்கி ஒரே அடி. பிள்ளைகளுக்கும் இதைக் காட்டித்தான் கொடுத்தேன். அதைப் பார்க்க மனம் தாங்காத பிள்ளை தூண்டில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் குட்டையில் ஓர் ஆளுக்கு இரண்டு மீன், அவ்வளவுதான். நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விடுவது சின்னக் குட்டைக்கு ஆகாது, அதே மீன்தான் மறுபடி மறுபடி முள்ளில் மாட்டும். பங்குனி முதல் ஆனி வரை, காலை ஒன்பது மணிக்கு மேல் தூண்டில் கிடையாது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் தேறாது.

பின்சேர்க்கை 1: மூச்சுத் திணறிய நாளில் போர்வெல் தண்ணீரை விட்டும் மீன் செத்துவிட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். கேட்டால், குழாய் வாய் தண்ணீருக்குள் முங்கி இருந்ததாம். நிலத்தடித் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. எந்தத் தண்ணீரானாலும் காற்றில் சிதறித்தான் விழ வேண்டும்.

பின்சேர்க்கை 2: நீர்க்காகத்துக்கு என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். குட்டைக்கு மேல் மெல்லிய நரம்பு வலை கட்டாதீர்கள். நானும் கட்டினேன். ஒருநாள் மடையான் கொக்கு ஒன்று இறக்கை சிக்கித் தொங்கியது. கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டி எடுக்க அரைமணி நேரம் ஆனது. என் கையில் இருந்த அவ்வளவு நேரமும் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது தடித்த மஞ்சள் கயிற்றை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே கட்டியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதால் பறவை சிக்குவதில்லை, இறங்கவும் தயங்குகிறது. ஒன்றிரண்டு மீனை அவை தூக்கத்தான் செய்கின்றன. அதற்காகவே இந்த வருடம் பத்துக் குஞ்சு கூடுதலாக விட்டிருக்கிறேன்.