கறிவேப்பிலை, புதினா, துளசிக்கு இலைவழி ஊட்டம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வீட்டோரக் கறிவேப்பிலையோ தொட்டிப் புதினாவோ வெளிறத் தொடங்கினால், இலையில் தெளிக்க உரத்தைக் கரைப்பதற்கு முன் எந்த இலை மஞ்சளாகிறது என்று கவனிக்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதுமாக வெளிறினால் அது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. அதே இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியக் குறை. கொழுந்தில் அவ்வாறு தோன்றினால் பெரும்பாலும் இரும்புக் குறை. அடைமழை தழைச்சத்தையும் மெக்னீசியத்தையும் மண்ணிலிருந்து கரைத்துச் செல்வதால், முதல் இரண்டையும் இங்கே அடிக்கடி காணலாம்.

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் 1 லிட்டர் நீருக்கு 3 கிராமே போதும். புதினா, மல்லி போன்ற மெல்லிய இலைகளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம். மணத்துக்காக வளர்க்கும் செடிக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் இலை பெருத்தாலும் வாசம் அதற்கேற்பக் கூடுவதில்லை. மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) கரைக்கலாம். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) இடும் கீசரைட் உரமும் மெக்னீசியம் சல்பேட்தான் என்றாலும், அது மெதுவாகக் கரைவதால் மண்ணுக்கே ஏற்றது. பொட்டாசியம் குளோரைடு கலந்த செம்பனை உரத்தை இலையில் தெளித்தால் ஓரங்கள் கருகிவிடும். இரும்புக்குக் கீலேட் வடிவ உரத்தை (செடி எளிதில் உறிஞ்சும்படி கரிமச் சேர்மத்தோடு பிணைத்த இரும்பு), உறையில் அச்சிட்ட அளவிலேயே பயன்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தெளிக்கும் பம்பு. தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பம்பை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கவே கூடாது. குழாயிலும் வடிகட்டியிலும் தங்கும் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லி செடியைக் கொல்லக்கூடும், அந்த இலையோ நம் குழம்பில் விழப்போகிறது. உரத்துக்கென்று தனியாக ஒரு சிறு கைப்பம்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறுமுன், காலை ஒன்பது மணிக்குள், இலையின் அடிப்புறமும் நனையும்படி புகைபோல் தெளிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை கொட்டுவதால், மாலையில் தெளித்த ஊட்டம் கழுவப்படுவதோடு, இரவு முழுவதும் ஈரமாக நிற்கும் இலையில் பூசணமும் பற்றும். தெளித்தபின் ஒரு வாரம் கழித்துப் பறித்து, நன்கு கழுவிச் சமைக்கலாம்.

இலைவழி ஊட்டம் வேருக்கு இடும் எருவுக்குத் துணைதானே தவிர மாற்று அன்று. இரண்டு வார இடைவெளியில் இருமுறை தெளித்தும் புதுக்கொழுந்து பச்சை பிடிக்காவிட்டால், மேலும் தெளிக்காமல் தொட்டியின் வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா, வேர் அழுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.