இளம் லாயிட் ஜார்ஜை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

டேவிட் லாயிட் ஜார்ஜின் அரசியல் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள விரும்புவோர், அவர் பிரிட்டிஷ் பிரதமரான 1916-ஐ ஒதுக்கிவிட்டு, 1888-இல் வேல்ஸின் லான்ஃப்ரோத்தென் கல்லறை வழக்கிலிருந்து தொடங்குவது நல்லது. மகளுக்கு அருகில், ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) அல்லாத தம் சபை முறைப்படி அடக்கமாக விரும்பி இறந்த கல்குவாரித் தொழிலாளிக்கு ஆங்கிலிக்கன் பாதிரியார் இடுகாட்டு வாயிலைப் பூட்டியபோது, பூட்டை உடைத்தேனும் உள்ளே செல்லுமாறு அறிவுரை கூறி, மேல்முறையீட்டில் வென்ற வழக்கறிஞர் இவரே.

அடுத்து, 1890 ஏப்ரல் இடைத்தேர்தலைப் பாருங்கள்: கார்னார்வன் தொகுதியில் 27 வயதில் லிபரல் கட்சி வேட்பாளராக அவர் வென்றது வெறும் 18 வாக்குகளில். செருப்புத் தைக்கும் தாய்மாமனிடம் வளர்ந்த கதைக்கு (அது உண்மையே ஆயினும்) அளவுக்கு மீறி இடம் தர வேண்டாம்.

பிறகு, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரை எதிர்த்த அவருடைய உரைகளை ஹான்சார்ட் எனும் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளில் தேதி வரிசையில் வாசியுங்கள். 1901-இல் பர்மிங்காம் கூட்டத்திலிருந்து காவலர் உடையில் தப்ப நேர்ந்தது ஏன் என்பது அப்போது விளங்கும்.