பிரஸ்ஸில் விரல் போனால் பட்டறை முதலாளி செய்ய வேண்டியது

மதுரையில் கப்பலூர், புதூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் சின்னப் பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். கணக்கு பார்க்கிறேன். தகடை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனதும் முதலாளி போன் போட்டுக் கேட்பது, “எவ்வளவு கொடுத்து முடிக்கலாம்?” முடிக்கிற விஷயமே இல்லை இது. அந்த ஆள் குணமாகித் திரும்ப வேலையில் உட்காரும்வரை உங்கள் பொறுப்பு இருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரி. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் விரலில் நேரடியாகப் படக் கூடாது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதி, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கையான படிவம் 12 அனுப்புங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று எழுதச் சொல்லும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்; மனசு ஆறவில்லை. அந்த ஒரு வரியால் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்க வேண்டியவருக்கு, சாதாரண நோய் விடுப்பு என்று 70 சதவீதம்தான் வரும். நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுக்க வரும் பணமும் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. அந்த 90 சதவீத உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஆளை வேலையை விட்டு நீக்கக் கூடாது.

இ.எஸ்.ஐ. இல்லாத சின்னப் பட்டறையா? அப்போது மருத்துவச் செலவும் இழப்பீடும் முழுக்க உங்கள் கையிலிருந்துதான். இழப்பீடு தர வேண்டும் என்று 1923-இலிருந்தே சட்டம் சொல்கிறது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கணக்கு இப்படி: 30 வயது, சம்பளம் 14,000, ஒரு கையில் இரண்டு விரல் போனது. சம்பளத்தின் 60 சதவீதம் 8,400. அதை, அந்த வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள 207.98 என்ற எண்ணால் பெருக்கி, இரண்டு விரலுக்கான 20 சதவீதம் எடுத்தால் சுமார் 3 லட்சத்து 49 ஆயிரம். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, அப்புறம் பாதித் தொகை வரை அபராதமும் வரலாம். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி இந்த உரிமையைத் தள்ளிவிட முடியாது.

சரி, ஆள் திரும்பி வருகிறார். பழைய பிரஸ்ஸிலேயே உட்கார வைக்காதீர்கள். மிஷின் சத்தம் கேட்டாலே சிலருக்குக் கை நடுங்கும். எனக்குத் தெரிந்த பட்டறையில் ஒருவரை அளவு சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள். அளவு பார்க்கும் கருவியான கேஜின் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிக் கொடுத்தார்கள், மிச்ச மூன்று விரலால் வழுக்காமல் பிடிக்க. கூலி குறைக்கவில்லை. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ, வயது 45-க்குள் என்றால் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் இ.எஸ்.ஐ. உதவுகிறது, கிளை அலுவலகத்தில் நீங்களே கூடப்போய்க் கேளுங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.

அந்தப் பிரஸ்ஸில் அடுத்த ஆள் உட்காருமுன், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் சுவிட்சை மாட்டிவிடுங்கள்.