‘ஷிவர் மி டிம்பர்ஸ்’: ஒரு கடற்கொள்ளையர் தொடரின் வேரைத் தேடும் முறை

கதைகளில் வரும் கடற்கொள்ளையன் வியப்பிலும் சினத்திலும் கத்தும் இத்தொடரை, ஒரு மொழிபெயர்ப்பில் ‘என் மரங்கள் நடுங்கட்டும்’ என்று எழுதிவிட்டேன். அது பிழையென்று பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்திக்கொண்ட வழியைப் படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: ‘டிம்பர்ஸ்’ என்பது வெறும் மரமன்று, கப்பலின் இருபுறமும் விலா எலும்புகளைப் போல வளைந்தெழும் சட்டங்களையே மாலுமிகள் அவ்வாறு குறித்தனர்.

படி 2: நான் சறுக்கிய இடம் இதுதான். ஆங்கிலத்தில் ‘ஷிவர்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வினைகள் உள்ளன. ஒன்று குளிரில் நடுங்குவது, மற்றொன்று சில்லுசில்லாகச் சிதறுவது. இரண்டும் வெவ்வேறு வேரின. பின்னதன் உறவுச்சொல்தான், ஏடுஏடாகப் பிளவுபடும் பலகைக்கல்லைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘ஷீஃபர்’. பீரங்கிக் குண்டு பட்டால் மரக்கப்பல் நடுங்குவதோடு நிற்பதில்லை; தெறிக்கும் சிம்புகளே மாலுமிகளைக் குத்திக் கிழிக்கும். ஆகவே அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடாமல், அடுத்த பதிவையும் படியுங்கள்.

படி 3: வினையின் வடிவத்தைப் பாருங்கள். இது கட்டளையன்று, நம் வியங்கோளைப் போன்றது: ‘என் கப்பற்சட்டங்கள் சிதறுக!’ இதன் பின்னால் ‘நான் சொன்னது பொய்யானால்’ என்ற நிபந்தனை மறைந்து நிற்கிறது. அதாவது, இது வியப்பொலியாகத் தேய்ந்துபோன ஒரு சூளுரை.

படி 4: பழைய நூல்களில் தேடுங்கள். படிமக் கோப்புகளில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) செய்யும் குளறுபடிகளால் நொந்துபோன நான், பழைய நூல்களை இலவசமாகத் தரும் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தின் எளிய உரைக்கோப்புகளையே பரிந்துரைப்பேன். தேடும்போது ‘மி’ என்று இட்டால் ஏமாற்றமே மிஞ்சும்; ஸ்டீவன்சன் 1883இல் நூலாக வெளியிட்ட ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையில் கடற்கொள்ளையன் லாங் ஜான் சில்வர் ‘மை டிம்பர்ஸ்’ (என் டிம்பர்ஸ்) என்றே சொல்கிறான். அதற்கு முன்பே, கடற்படையில் பணியாற்றிய ஃபிரடெரிக் மேரியட் எழுதிய ‘ஜேக்கப் ஃபெய்த்ஃபுல்’ (1834) நாவலில், மகனை அடிக்க மாட்டேன் என்று கிழமாலுமி ஒருவர் இதே தொடரால் ஆணையிடுகிறார். அங்கே நிபந்தனை மறையாமல் முழுமையாகவே இருக்கிறது. அவருக்கு இரண்டு கால்களும் மரக்கட்டைகள் என்பதால், ‘டிம்பர்ஸ்’ என்ற சொல் அங்கே இரட்டைப் பொருளும் தருகிறது.

படி 5: ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள். அட்லாண்டிக் கடற்கொள்ளையர் கொடிகட்டிப் பறந்த காலம் ஏறத்தாழ 1650 முதல் 1730 வரை. மேற்கண்ட அச்சுச் சான்றுகள் அதற்கு நூறாண்டுக்கும் மேல் பிற்பட்டவை. ஆகவே இதை மாலுமிப் பேச்சென்று நாவலாசிரியர்கள் எழுதினர் என்று சொல்லலாமேயன்றி, உண்மைக் கொள்ளையர் இப்படிக் கத்தினர் என்று எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: ‘மை’ எப்போது ‘மி’ ஆனது என்று வாசகர் இருவர் கேட்டிருந்தனர். ஆங்கில வட்டார வழக்குகள் பலவற்றில் அழுத்தமின்றி ஒலிக்கும் ‘மை’ இயல்பாகவே ‘மி’ ஆகும். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையின் 1950இல் வந்த திரைவடிவில் சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்செட்டில் பிறந்தவர். ரகரத்தை உருட்டி இழுத்த அவருடைய அந்த வட்டாரப் பேச்சே திரைக்கொள்ளையர் பேச்சுக்கு அச்சாயிற்று. ‘ஆர்ர்’ என்ற உறுமல் பரவியதும் பெரும்பாலும் அவரால்தான்.