கப்பல் நிற்கும் ஒரு பகலில் வீல்சேர் வேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை 8 மணிக்குத் துறைமுகம், மாலை 5 மணிக்குப் புறப்பாடு என்று சுற்றுலாக் கப்பல் அட்டவணையில் இருந்தால், வாடகை வேனில் தீவைச் சுற்ற 9 மணி நேரம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. கப்பலைக் கட்டி நிறுத்தி, உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, பயணிகளை இறக்கத் தொடங்கவே அரை மணி ஓடிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் லிஃப்டை மொய்ப்பார்கள். வீல்சேரில் இருப்பவர் படிக்கட்டில் இறங்கிவிட முடியாது. இரண்டு மூன்று லிஃப்ட் நிரம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதன்பிறகு வேன் நிற்கும் இடம்வரை போக வேண்டும், வேனைச் சரிபார்க்க வேண்டும், நாற்காலியைக் கட்ட வேண்டும். வண்டி நகரும்போது மணி 9.45. மாலையில் கப்பலில் ஏறக் கடைசி நேரம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அதாவது 4.30. வேனை ஒப்படைக்கவும் சோதனை வரிசைக்கும் வழியில் மாட்டும் நெரிசலுக்கும் இடம் விட்டால், 3 மணிக்கே துறைமுக வாசலில் இருக்க வேண்டும். மிச்சம் ஐந்தேகால் மணி நேரம். திட்டத்தை அதற்குள் அடக்குங்கள்.

இந்தக் கணக்கையும் கவிழ்க்கக்கூடியது கடிகாரம். சில கப்பல்கள் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே ஓடும். தீவின் நேரம் வேறாக இருக்கும். மெக்சிகோவின் கோசுமெல் தீவு 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கிறது, கோடைக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் மயாமியிலிருந்து வரும் கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வந்தால், தீவின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கைபேசி தானாகவே தீவின் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். அதில் 3.30 என்று பார்த்துவிட்டு நிதானமாக வருபவருக்குக் கப்பலில் மணி 4.30. கையில் கட்டும் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேன் நிறுவனத்துக்கு எழுதும்போது உள்ளூர் நேரத்தில் எழுதி, ‘உள்ளூர் நேரம்’ என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

அடுத்த தவறு, ‘வீல்சேர் வசதி உண்டு’ என்ற சொல்லை நம்பி முன்பணம் கட்டுவது. அந்தச் சொல்லுக்குள் நாலு விதமான வண்டிகள் அடங்கும். தரையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ராம்ப் (நாற்காலி ஏறும் சாய்வுப் பலகை) வைத்த மினிவேன் ஒன்று. பின்கதவு வழியே ராம்ப் வைத்தது இன்னொன்று. கூரையை உயர்த்தி மின்தூக்கி பொருத்திய பெரிய வேன் மற்றொன்று. நாலாவது, நாற்காலியை மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு ஆளை இருக்கைக்கு மாற்றி உட்கார வைக்க வேண்டிய சாதாரண வேன். நான்காவதையும் ‘வசதி உண்டு’ என்றே விளம்பரம் செய்வார்கள். ஆகவே சொல்லை விட்டுவிட்டு எண்களைக் கேளுங்கள்.

வீட்டிலேயே நாலு அளவு எடுத்து வைக்க வேண்டும். ஆள் நாற்காலியில் உட்கார்ந்த நிலையில், தரையிலிருந்து உச்சந்தலைவரை உயரம். தலைதாங்கி அதைவிட உயரமாக இருந்தால் அதன் உயரம். மினிவேன்களில் கதவுத் திறப்பு பொதுவாக 140 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். மின்நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் பலருக்கு இது இடிக்கும். இரண்டாவது அகலம், சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை, ஓட்டும் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து. ராம்ப் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் அகலம். மூன்றாவது நீளம்: கால்தாங்கியில் பாதம் வைத்த நிலையில் கட்டைவிரல் நுனிவரை. பக்கவாட்டில் ஏறி உள்ளே முன்பக்கம் திரும்புவதற்கு இந்த நீளம்தான் இடைஞ்சல். நான்காவது எடை. பல ராம்ப்கள் 272 கிலோ தாங்கும்படி செய்யப்பட்டவை. மின்நாற்காலி 160 கிலோ, ஆள் 90 கிலோ, பின்னால் தொங்கும் பை, ஆக்சிஜன் கருவி என்று கூட்டிப் பாருங்கள், எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ராம்ப்பில் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளுபவரின் எடையும் அதே பலகையின் மேல்தான் இறங்குகிறது. அதைக் கூட்ட எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ராம்ப் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்காதது சிறிய விஷயமாகத் தெரியும். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வண்டிகள் சாலையின் இடதுபக்கம் ஓடும். ஆனால் வண்டிகள் அமெரிக்காவிலிருந்து வருபவை, ஸ்டியரிங்கும் இடதுபக்கம்தான். அமெரிக்க மினிவேன்களில் ராம்ப் பெரும்பாலும் வலதுபக்கக் கதவில் இருக்கும். சாலையோரத்தில் நிறுத்தி பொத்தானை அழுத்தினால் அது நடைபாதைப் பக்கம் விழாது, ஓடும் வண்டிகளின் பக்கம் விழும். இப்படிப்பட்ட தீவில் பக்கவாட்டு ராம்ப் வேனுக்குச் சாலையோர நிறுத்தம் என்பதே கிடையாது என்று வைத்துக்கொள்ள வேண்டும்; திறந்தவெளி பார்க்கிங் உள்ள இடங்களை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேயும் ராம்ப் இறங்கி நாற்காலி திரும்ப ஏறக்குறைய 2.4 மீட்டர் காலியிடம் வேண்டும். நீங்கள் போய்த் திரும்புவதற்குள் யாராவது ஒட்டி நிறுத்திவிட்டால் ஏற முடியாது. ஓட்டுபவர் வண்டியை வெளியே எடுத்து, நடுவில் நிறுத்தி ஏற்ற வேண்டும். பின்கதவு ராம்ப் இந்தத் தொல்லையைத் தீர்க்கும், ஆனால் பின்னால் அதே அளவு இடம் கேட்கும். குறுகலான தீவுச் சாலைகளுக்குப் பின்கதவே மேல் என்பது எங்கள் கணிப்பு.

இனிமேல் சொல்வதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. நாற்காலியைக் கட்டுவதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தில் நடப்பவை. நாற்காலி முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தபடி ஆளை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. வண்டித் தரையோடு பிணைத்த நாலு பட்டை வேண்டும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கொக்கியை நாற்காலியின் பற்றவைத்த இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். கழற்றி மாட்டும் கால்தாங்கி, கைதாங்கி, சக்கரக் கம்பி ஆகியவற்றில் மாட்டினால் மோதலின்போது அந்தப் பாகம் மட்டும் பட்டையோடு பிய்ந்து வரும். வண்டியில் பயணிக்கும்படி சோதித்து விற்கப்படும் நாற்காலிகளில் மாட்ட வேண்டிய நாலு இடத்திலும் கொக்கிப் படம் ஒட்டியிருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று வீட்டிலேயே டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பட்டைகள் தரையோடு 30 முதல் 45 பாகை, முன்பட்டைகள் 40 முதல் 60 பாகை சாய்வில் இருப்பது சரி. முன்பட்டைகளை முதலில் மாட்டி, நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தி விறைக்கச் செய்து, பிறகு பின்பட்டைகளை மாட்டி இறுக்க வேண்டும். நாலும் இறுகியபின் நாற்காலியை இரு கையாலும் உலுக்கிப் பாருங்கள். சில சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் மறுபடி கட்ட வேண்டும்.

அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. நாலு பட்டையும் நாற்காலியைத்தான் பிடிக்கின்றன. ஆளைப் பிடிப்பது வண்டியின் இடுப்பு பெல்ட்டும் தோள் பெல்ட்டும். நாற்காலியோடு வரும் இடுப்புப் பட்டை உட்காரும் நிலைக்காக வைத்தது, விபத்துக்கானது அல்ல. வண்டி பெல்ட் கைதாங்கிக்கு மேலே போகக்கூடாது. கைதாங்கிக்கும் உடம்புக்கும் இடையே புகுந்து இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றின் மேல் கிடந்தால் அழுத்தம் முழுவதும் குடலில் விழும்.

சொந்த வண்டியில் தானாகப் பூட்டிக்கொள்ளும் தரைப்பூட்டு வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பூட்டில் மாட்ட நாற்காலியின் அடியில் அதற்கென்றே பொருத்திய ஆணி வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம், நாற்காலிக்கு நாற்காலி அளவு மாறும். வாடகை வேனில் உங்கள் ஆணிக்குப் பொருந்தும் பூட்டு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த ஆணி தரையிலிருந்து ஒரு சில சென்டிமீட்டர் உயரத்தில்தான் தொங்கும். ராம்ப் முடிந்து வண்டித் தரை தொடங்கும் விளிம்பில் அது தட்டி, நாற்காலி பாதியில் நின்றுவிடுவதும் உண்டு.

வேனை ஒப்படைக்க வருபவர் கையெழுத்துக்கு அவசரப்படுத்துவார். கொடுக்காதீர்கள். ராம்ப்பை இரண்டு முறை திறந்து மூடச் சொல்லுங்கள், ஒருமுறை ரிமோட்டில், ஒருமுறை உள்பொத்தானில். மின்சாரம் போனால் கையால் திறக்கும் வழி எது என்று கேட்டு, ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். நாலு பட்டையையும் வெளியே இழுத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் அதன் சுருள் துருப்பிடித்து உள்ளே இழுக்காமல் போயிருக்கும். சில வேன்கள் ஏறும்போது வசதியாக ஒருபக்கம் தாழ்ந்துகொடுக்கும். கதவை மூடியதும் மறுபடி எழும்புகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். எழும்பாத வண்டி முதல் வேகத்தடையிலேயே அடிவயிற்றை உரசும். கதவு, ராம்ப், தாழ்த்தும் கருவி மூன்றும் வண்டி பேட்டரியில்தான் ஓடுகின்றன. இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து தடவை திறந்து மூடி விளையாடினால், கடற்கரையில் நிற்கும்போது கதவும் திறக்காது, வண்டியும் கிளம்பாது.

படகுத் துறைமுகங்கள் தனிக் கதை. கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை; கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களை இறக்குகிறார்கள். ஹவாயின் கோனாவிலும் இப்படித்தான். கப்பலின் கீழ்த்தளத்துக்கும் படகுக்கும் இடையே படியும் இடைவெளியும் இருக்கும், இரண்டும் அலையில் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும். பல கப்பல் நிறுவனங்கள் மின்நாற்காலியை இதில் ஏற்றுவதில்லை. கையால் தள்ளும் நாற்காலியைக்கூட அன்றைய கடலைப் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். இப்படிப்பட்ட நாளுக்கு வேன் பதிவு செய்வதைத் தவிருங்கள். அட்டவணையில் அந்தத் துறைமுகம் ‘படகு’ வகையா என்று முதலில் பார்த்துவிட்டு, கரையை ஒட்டி நிற்கும் தீவுக்குப் பணத்தைச் செலவிடுங்கள். எந்தத் துறைமுகமானாலும், கப்பல் அங்கே நிற்காமல் போய்விட்டால் முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வழித்தடத்தில் செய்யும் தவறு, பக்கத்து இடத்தை முதலில் பார்த்துவிட்டுத் தூரத்து இடத்தைக் கடைசிக்கு வைப்பது. தலைகீழாகச் செய்யுங்கள்: தூரத்துக்கு நேராகப் போய்விட்டு, ஒவ்வொன்றாகத் துறைமுகத்தை நோக்கி வாருங்கள். நேரம் குறைந்தால் கடைசி இடத்தை விட்டுவிடலாம். தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தும் ஏமாறாதீர்கள். ஹவாயின் மாவி தீவில் ஹானா ஊருக்குப் போகும் சாலை 84 கிலோமீட்டர்தான். ஆனால் 600-க்கு மேல் வளைவு, 59 பாலம், அவற்றில் பெரும்பாலானவை ஒரு வண்டி மட்டும் போகக்கூடியவை. ஒவ்வொரு வளைவிலும் நாற்காலியில் இருப்பவரின் உடம்பு ஒருபக்கம் சாயும். இடுப்புக்கு மேல் தசைக் கட்டுப்பாடு இல்லாதவருக்கு அது வேதனை. ஐந்தேகால் மணி நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம். தரை தாழ்த்திய வேனை மண்சாலையிலும் பள்ளமான ஓடைக் குறுக்கிலும் இறக்கக்கூடாது. காப்பீடும் அங்கே செல்லாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

வெயில் பற்றி ஒரே ஒரு விஷயம். முதுகுத்தண்டில் மார்புக்கு மேல் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது. மற்றவர்கள் சமாளிக்கும் வெயிலில் அவர்களின் உடல்சூடு ஏறிக்கொண்டே போகும். நிறுத்திய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 பாகை செல்சியஸ் ஏறிவிடும். ஓட்டுபவர் முதலில் போய் ஏசியைப் போட்டு, உலோகக் கொக்கிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஆளை ஏற்ற வேண்டும். உணர்ச்சி இல்லாத காலில் சூடான கொக்கி பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கடற்கரையிலிருந்து திரும்பும்போது சக்கரத்தில் ஒட்டிய மணலோடு ராம்ப்பில் ஏறாதீர்கள். மணல் கீல்களுக்கும் சங்கிலிக்கும் இடையே சிக்கினால் ராம்ப் பாதியில் நிற்கும். ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு சின்னத் துடைப்பமும் வேனில் இருக்கட்டும்.

கடைசியாக, பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையிலேயே பூட்டிவிட்டு இறங்காதீர்கள். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தானாக வேன் எடுத்துப் போனவருக்காகக் காத்திருக்காது. தவறவிட்டால் உங்களுக்கு உதவக்கூடியவர் துறைமுக முகவர், அதாவது கப்பல் நிறுவனத்துக்காக அந்த ஊரில் இருக்கும் ஆள். அவர் எண் கப்பலில் தினமும் தரும் செய்தித்தாளில் அச்சாகியிருக்கும். காலையில் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் மருந்தும் மின்நாற்காலியின் சார்ஜரும் கையோடு வரட்டும். சார்ஜர் கப்பலோடு போய்விட்டால், நாற்காலி மறுநாள் காலையில் நகராது.